நாயின் தொண்டையில் எலும்பு என்று எண்ணி உள்ளே கையை விடாதீர்கள்

சென்ற வாரம், பயிற்சிக்கு வந்த இளம் கால்நடை மருத்துவர் ஒருவர், வாய் பிளந்து எச்சில் ஒழுக நின்ற நாயின் தொண்டைக்குள் வெறுங்கையை விடப் போனார். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. என் முதல் வருடத்தில் என்னை இழுக்க ஆளில்லை.

வெறிநோய்க்கு, அதாவது ரேபிஸுக்கு, ஊசி போடுங்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்; அதை விட்டுவிட்டு, வளர்ப்பவர்கள் என்னிடம் சொல்லும் வாக்கியங்களுக்கு வருகிறேன்.

எலும்பு மாட்டியிருக்கிறது, டாக்டர்

இந்த வாக்கியத்தைக் கேட்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. என் முதல் வருடத்தில் வந்த நாய் உறுமவில்லை, கடிக்க வரவில்லை. கீழ்த்தாடை தொங்கியது, குரைப்பு கம்மியிருந்தது. வளர்ப்பவர் ஏற்கெனவே இரண்டு முறை உள்ளே துழாவியிருந்தார். நானும் துழாவினேன். எலும்பு இல்லை. விரலிடுக்கில் கீறல் இருந்தது, கை கழுவும்போது எரிந்த பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் நாய் இறந்தது. மூளைத் திசுப் பரிசோதனை ரேபிஸ் என்றது.

இது ஊமை வெறி. தாடையும் தொண்டையும் செயலிழப்பதால் விழுங்க முடியாமல் எச்சில் வழிகிறது. வைரஸ் அந்த எச்சிலில்தான் இருக்கிறது. வெறிநாய் தண்ணீரைக் கண்டு மிரளும் என்று பலர் காத்திருக்கிறார்கள். அந்த அச்சம் மனிதருக்கு வருவது. நாயோ தண்ணீர்க் கிண்ணத்தில் முகத்தை வைத்தபடி விழுங்க முடியாமல் நிற்கும்.

நான் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கவில்லை. மருத்துவனுக்கு அது வெட்கக்கேடு. அதனால் விரலிடுக்குக் கீறலுக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்ற, வைரஸை உடனே எதிர்க்கும் எதிர்ப்பொருள் மருந்தைச் செலுத்தினார்கள். அந்த வலி எதிரிக்கும் வரக் கூடாது. வளர்ப்பவருக்கும் ஊசிகள் தொடங்கின.

குட்டியில் போட்டாயிற்று

சென்ற வார நாயின் அட்டையை வாங்கிப் பார்த்தோம்: கடைசி ஊசி போட்டு நான்கு ஆண்டுகள். வழக்கமாக 12 வாரத்தில் முதல் ஊசி, ஓராண்டில் அடுத்தது. பிறகு மருந்தைப் பொறுத்து ஆண்டுதோறும் அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை. முதல் ஊசி முழுப் பலன் தர ஏறக்குறைய 4 வாரம் ஆகும். மறுநாளே அவிழ்த்துவிடாதீர்கள்.

பூனை வெளியே போவதில்லை

வௌவால் உள்ளே வரும். அதற்கும் ரேபிஸ் இருக்கலாம்.

பத்து நாள் பார்ப்போம்

கடித்த நாயைக் கண்காணிப்பது சரிதான். அதற்காக உங்கள் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். வைரஸின் கொழுப்பு உறையைச் சோப்பு சிதைத்துவிடும்.

உடனே புதைத்துவிட்டோம்

பரிசோதனைக்கு மூளை வேண்டும். என் முதல் வருட நாய் இறந்த அன்றும் குழி பாதி வெட்டியாகியிருந்தது. நான் போய் நிறுத்தினேன்.