ஆட்டிசம் அறிக்கையை எப்படிப் படிப்பது?

பிள்ளையின் ஆட்டிசம் மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். பழையதென்றால் 'ஆஸ்பெர்கர்', 'பிடிடி-என்ஓஎஸ்' என்றெல்லாம் பழைய உட்பிரிவுப் பெயர்கள் எழுதியிருக்கும். 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்-5 அவற்றை எல்லாம் 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்ற ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டது. ஒரே குழந்தைக்கு இடத்துக்கு இடம் வேறு பெயர் சூட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு எப்படி அந்தப் பிரிவினை நிற்கும்?

அடுத்து 'லெவல்'. ஒற்றை எண் மட்டும் இருந்தால் டாக்டரிடமே திரும்பிப் போய்க் கேளுங்கள். பழகுவதற்கும் பேசுவதற்கும் ஓர் எண், திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்களுக்கு இன்னோர் எண் இருக்க வேண்டும். எவ்வளவு துணை தேவை என்பதைத்தான் அவை சொல்கின்றன. அறிவுத்திறன், மொழித்திறன் பற்றிய குறிப்பும் அவசியம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 ஆட்டிசத்தை உட்பிரிவு செய்வதே இவ்விரண்டையும் வைத்துத்தான்.

நம் நாட்டில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு, ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோலான 'இசா'. ஆறு பிரிவுகளில் 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70 முதல் 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. மொத்தத்தைப் பார்த்துக் கலங்காமல் ஆறு பிரிவுகளையும் தனித்தனியே பாருங்கள். நான் சிறப்பாசிரியர், என்னிடம் வரும் இரண்டு சிறுவர்களுக்கு மொத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவன் 29சி பஸ் நிறுத்தங்களை வரிசை பிசகாமல் ஒப்பிப்பான். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடுவான். மற்றவனுக்குப் பேச்சில்லை, தாகமெடுத்தால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய்க் குடத்தின் மேல் வைப்பான். மிக்ஸியை அவன் சட்டை செய்வதே இல்லை. இருவருக்கும் ஒரே பயிற்சித் திட்டம் போட்டால் வேலைக்கு ஆகுமா?

அப்படியானால் உள்வகைகளே கிடையாதா? 2025-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் சைமன்ஸ் அறக்கட்டளையும் 5,000-க்கு மேற்பட்ட குழந்தைகளின் தகவல்களை அலசி நான்கு பிரிவுகளைக் கண்டிருக்கின்றன. மரபணு மாற்றங்களும் பிரிவுக்குப் பிரிவு வேறுபடுகின்றனவாம். நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் கையேடுகளில் அது இன்னும் ஏறவில்லை. "உங்கள் பிள்ளை மூன்றாம் வகை, இதற்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது" என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிள்ளை வளர வளர மதிப்பெண்கள் மாறும். மறுமதிப்பீட்டுக்குப் போகும்போது பழைய அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். பிறகு அதில் யாரும் ஒரு வரி எழுத முடியாது.