அறிதுயில்: வீட்டிலேயே பழகிப் பார்க்க ஒரு வழி

ஹிப்னாடிசத்துக்குத் தமிழில் 'அறிதுயில்' என்று ஒரு பெயர் உண்டு. பாற்கடலில் பெருமாள் எல்லாம் அறிந்தபடியே கண்மூடிக் கிடப்பாரே, அந்த அறிதுயில்தான். எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும். 1840களில் மான்செஸ்டரில் இருந்த அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட், தூக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஹிப்னாடிசம்' என்ற பெயரை நிலைக்கவைத்தார். இது தூக்கமே இல்லை என்று உணர்ந்தபின் வேறு பெயர் வைத்துப் பார்த்தார், எடுபடவில்லை. கவனம் ஒரே இடத்தில் குவிகிறது, மற்றவை பின்னால் போகின்றன, அவ்வளவுதான். காது கேட்கும். வேண்டாமென்றால் எழுந்துவிடலாம்.

முதல் வேலை, உங்களுக்கு வேண்டியதை ஒரே வரியில் எழுதுவது. பலரும் கோட்டைவிடும் இடம் இது. "மேடையில் பதறக் கூடாது" என்று எழுதினால், குரங்கை நினைக்காமல் மருந்து குடித்த கதைதான். மனம் பதற்றத்தையே பிடித்துக்கொள்ளும். "பேசும்போது என் மூச்சு சீராக இருக்கிறது" என்று, நடக்க வேண்டியதையே எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வரி போதும்.

அப்புறம், முதுகு சாய்கிற நாற்காலியில் உட்காருங்கள். கட்டில் வேண்டாம், குறட்டையில் முடியும். போனை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

இனி பார்வை. பிரெய்ட் தன் அறுவைக் கத்தி வைக்கும் பளபளப்பான பெட்டியை நோயாளியின் நெற்றிக்கு மேலே பிடித்து, அதையே பார்க்கச் சொல்வார். நமக்குச் சுவரில் ஒரு புள்ளி போதும். தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் சற்று உயர்த்திப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் இமை கனக்கும், கண் கலங்கும். பிடிவாதம் பிடிக்காமல் மூடிவிடுங்கள்.

மூச்சை நீளமாக விட்டபடி 10லிருந்து 1 வரை எண்ணுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் தோள், கை, கால் கனத்துத் தளர்வதைக் கவனியுங்கள். எண்ணிக்கை தவறினால் பரவாயில்லை, நினைவிருக்கும் இடத்திலிருந்து தொடருங்கள்.

இப்போது எழுதிய வரியை மெதுவாகச் சொல்லுங்கள், காட்சியோடு. மைக், எதிரே இருக்கும் முகங்கள், சீரான மூச்சு. நாலைந்து முறை போதும்.

முடிக்கும்போது 1லிருந்து 5 வரை எண்ணிக் கண் திறந்து, கைகால் உதறுங்கள். உடனே வண்டி எடுக்க வேண்டாம். முதல் நாள் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். அது சகஜம், இரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள்.

சரி, மருத்துவத்தில் இதற்கு இடம் உண்டா? உண்டு. அதே மான்செஸ்டரில் குடல் நோய் மருத்துவர் பீட்டர் வோர்வெல், மருந்துக்கு அடங்காத குடல் எரிச்சல் நோய் (வயிற்று வலியும் மலம் கழிப்பதில் கோளாறும் திரும்பத் திரும்ப வரும் IBS) இருந்த 30 பேரிடம் செய்த ஆய்வை 1984இல் வெளியிட்டார். வயிற்றில் கை வைத்து இளஞ்சூட்டை உணரச் சொல்வது, குடலின் ஓட்டத்தை அமைதியான ஆறாகக் கற்பனை செய்யச் சொல்வது எல்லாம் இந்தச் சிகிச்சையில் உண்டு. ஓராண்டு மருந்து கொடுத்தும் பலனில்லை என்றால் இதை யோசிக்கலாம் என்கிறது பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல்.

ஆனால் வலி எதனால் என்று மருத்துவர் பார்த்த பிறகே இதெல்லாம். வலிப்பு நோயோ, குரல் கேட்பது போன்ற தீவிர மனநோயோ இருப்பவர்கள் தனியாக முயல வேண்டாம். "மறந்துபோனதைத் தோண்டி எடுத்துத் தருகிறேன், போன ஜென்மத்தைக் காட்டுகிறேன்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். இந்த நிலையில் நடக்காததும் நடந்ததாகவே மனதில் பதிந்துவிடும்.