ஓட்டல் பாயின்ட்டா, தள்ளுபடித் தளமா: கணக்கு தப்பும் இடங்கள்

சென்னையில் ஒரே ஓட்டல், ஒரே நாள், ஒரே மாதிரி அறை. பல ஓட்டல்களின் அறைகளை விற்கும் தள்ளுபடி புக்கிங் தளத்தில் 6,500 ரூபாய். ஓட்டலின் சொந்தத் தளத்தில் மெம்பர் விலை 6,900 ரூபாய். எது மலிவு என்று கேட்டால் யோசிக்காமல் 6,500-ஐக் காட்டுவோம், நானும் பல வருடம் அப்படித்தான் புக் செய்தேன்.

கொஞ்சம் நின்று கணக்குப் போடுங்கள். 6,500-க்கு 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 6,825. கடைசிப் பக்கத்தில் கன்வீனியன்ஸ் ஃபீ என்று 200 ரூபாய் வந்தால் 7,025. மெம்பர் விலை வரியோடு 7,245. அதோடு, பல ஊர்களில் ஒரே பெயரில் கிளை வைத்திருக்கும் சங்கிலி ஓட்டல், மெம்பர் செலவழிக்கும் ஒரு டாலருக்கு 10 பாயின்ட் தருகிறது என்றால், பின்னால் அறைக்குப் பணம்போலக் கொடுக்கக்கூடிய சுமார் 780 பாயின்ட் கணக்கில் ஏறும். ஒரு பாயின்ட்டை நான் 60 பைசா என்று வைத்துக்கொள்கிறேன் (ஏன் என்று கீழே சொல்கிறேன்), ஆக 470 ரூபாய் திரும்பி வருகிறது. அதைக் கழித்தால் 6,775. அதாவது அதிகமாகத் தெரிந்ததுதான் 250 ரூபாய் குறைவு. ஆனால் நீங்கள் அந்தச் சங்கிலியின் ஓட்டலில் இனி ஒருநாளும் தங்கப் போவதில்லை என்றால் அந்த 470 ரூபாய் வெறும் எண்தான், அப்போது தளத்தில் புக் செய்தவருக்கு 220 ரூபாய் மிச்சம். அறை ஒன்றுதான், தங்குகிறவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. இதைப் பார்க்காமல் "பாயின்ட்தான் பெஸ்ட்", "தளம்தான் பெஸ்ட்" என்று ஒரு பக்கம் சாய்ந்துவிடுவதால்தான் பணம் போகிறது.

முதல் பக்க விலையை நம்புவது

இதுதான் எல்லாரும் செய்யும் தவறு. இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770 கொடுப்பீர்கள், 7,600 ரூபாய் அறைக்கு 8,968 கொடுப்பீர்கள். முதல் பக்கத்தில் 200 ரூபாய் வித்தியாசம், பில்லில் கிட்டத்தட்ட 1,200. அதனால் 7,500-ஐ ஒட்டிய அறையைப் பார்க்கும்போது மெம்பர் தள்ளுபடி 3 சதவீதமே இருந்தாலும் அது அறையைக் கோட்டுக்குக் கீழே கொண்டுவருகிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் இன்னும் கவனம் வேண்டும். சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி போட்டிருந்தால், 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் அதன் மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் தனி என்று அர்த்தம். 200 டாலர் அறை 239 டாலர் 80 காசாகிவிடும். மலேசியாவில் வெளிநாட்டினருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, பெரும்பாலும் செக்-இன் செய்யும்போது கேட்பார்கள். அப்புறம் கார்டு. வெளிநாட்டுப் பணத்தில் செலுத்தினால் பல இந்திய கிரெடிட் கார்டுகள் 3.5 சதவீதம் வரை மார்க்கப் என்ற கூடுதல் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போடும். ரூபாயிலேயே விலை காட்டும் தளத்தில் இது இல்லாமல் போகலாம், ஆனால் அவர்கள் வைத்திருக்கும் மாற்று விகிதத்தையும் பார்த்துவிட வேண்டும். கடைசிப் பக்கம்வரை போய், "பணம் செலுத்து" பொத்தானுக்கு மேலே இருக்கும் தொகையைப் பேப்பரில் எழுதி வைத்து ஒப்பிடுவதுதான் என் பழக்கம்.

இன்னொன்று, ஒப்பிடும் இரண்டு விலைக்கும் கேன்சல் விதி ஒன்றாக இருக்க வேண்டும். ஒருபக்கம் ரீஃபண்டே இல்லாத விலை, மறுபக்கம் தங்குவதற்கு முந்தைய நாள் வரை இலவசமாகக் கேன்சல் செய்யக்கூடிய விலை என்றால் அது ஒப்பீடே இல்லை. குழந்தைகளோடு, வயதான பெற்றோரோடு போகிறவர்கள் காய்ச்சல் வந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும், அவர்கள் 400 ரூபாய்க்காக ரீஃபண்ட் இல்லாத அறையை எடுக்கவே கூடாது என்று நினைக்கிறேன்.

ஐந்து தளம் திறந்தால் ஐந்து கடை என்று நினைப்பது

புக்கிங்.காம், அகோடா, பிரைஸ்லைன், கயாக் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கீழ் இருப்பவை. எக்ஸ்பீடியாவும் ஹோட்டல்ஸ்.காமும் ஒரே வீடு. கோஐபிபோவை 2017-இலேயே மேக்மைடிரிப் வாங்கிவிட்டது. எனவே மேக்மைடிரிப்பில் பார்த்துவிட்டு கோஐபிபோவில் "சரிபார்ப்பது" ஒரே கடையின் இரண்டு வாசலில் விலை கேட்பது போலத்தான், கூப்பன் மட்டும் மாறலாம். ஒரு நிறுவனத்துக்கு ஒன்றாக இரண்டு தளம், கூடவே ஓட்டலின் சொந்தத் தளம், மொத்தம் மூன்று பார்த்தால் போதும்.

சொந்தத் தளத்தைப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புக்கிங் தளங்கள் ஓட்டலிடம் கமிஷன் வாங்குகின்றன, 15 முதல் 20 சதவீதம் என்பது சாதாரணம். நேரடியாக வருகிறவருக்கு அதில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க ஓட்டலுக்கு மனது இருக்கும். ஆனால் "எங்களிடம் கொடுப்பதைவிட வேறு எங்கும் குறைவாக விற்கக் கூடாது" என்று தளங்கள் ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைத்திருந்தன. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் மேக்மைடிரிப், கோஐபிபோ மீது அபராதம் விதித்தபோது இந்த நிபந்தனையையும் மாற்றச் சொன்னது. பெரிய சங்கிலிகள் மெம்பர்களுக்கு மட்டும் தனி விலை காட்டுவதற்குக் காரணமும் இந்த நிபந்தனைதான், பொதுவில் விற்கும் விலையாக அது கணக்கில் வராது. மெம்பர் ஆக ஒரு பைசா செலவில்லை, ஈமெயில் கொடுத்தால் இரண்டு நிமிடம். பாயின்ட் சேர்க்கும் எண்ணமே இல்லாதவர்கள்கூட இந்த விலைக்காக மெம்பர் ஆகலாம்.

தளத்தில் குறைவாக இருந்தால் ஓட்டலின் சிறந்த விலை உத்தரவாதத்தைக் கேட்டுப் பார்க்கலாம். மேரியட் சங்கிலியில், நேரடியாகப் புக் செய்த 24 மணி நேரத்துக்குள் அதே அறை, அதே நாள், அதே விதிமுறை வேறு தளத்தில் குறைவாக இருப்பதைக் காட்டினால், அந்த விலைக்குக் கொடுத்து அதற்கு மேல் 25 சதவீதம் குறைப்பார்கள், அல்லது 5,000 பாயின்ட் தருவார்கள். நிபந்தனைகள் கறாரானவை, சில சமயம் மறுப்பார்கள். இருந்தாலும் ஒரு படிவம் நிரப்பும் வேலைதான்.

தளத்தில் புக் செய்துவிட்டு பாயின்ட்டை எதிர்பார்ப்பது

ரிசப்ஷனில் இந்த வாக்குவாதத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். "நான் கோல்டு மெம்பர், காலை உணவு கொடுங்கள்" என்பார், அவர் புக் செய்தது வெளித் தளத்தில். பெரிய சங்கிலிகளில் பொதுவான விதி இதுதான்: வெளித் தளத்தில் எடுத்த அறைக்குப் பாயின்ட் இல்லை, மேல்நிலை மெம்பர் ஆவதற்கான இரவுக் கணக்கும் ஏறாது, மெம்பர் சலுகைகளைத் தர வேண்டிய கட்டாயமும் இல்லை. சில மேலாளர்கள் மனம் இரங்கிக் கொடுப்பார்கள், அதை நம்பிப் போகக் கூடாது. உங்கள் மெம்பர்ஷிப்பில் இருவருக்குக் காலை உணவு கிடைக்கிறது என்றால் அதையும் பணமாக்கிக் கணக்கில் சேருங்கள், பெரிய ஓட்டலில் இரண்டு பேர் காலை உணவு ஆயிரத்தைத் தாண்டிவிடும். அந்த அளவு தள்ளுபடி எந்தக் கூப்பனிலும் லேசில் வராது.

பாயின்ட்டை எடை போடாமல் சேர்ப்பது, செலவழிப்பது

60 பைசா என்று சொன்னேன் அல்லவா. அது எங்கேயும் அச்சடித்த விலை கிடையாது, என் தங்கல்களில் நான் பார்த்தது. கணக்கு சுலபம்: அறையின் பண விலையை வரியோடு எடுத்து, அதே அறைக்குக் கேட்கும் பாயின்ட்டால் வகுத்துவிடுங்கள். 15,000 பாயின்ட் கேட்கும் அறை பணத்தில் 9,000 ரூபாய் என்றால் பாயின்ட்டுக்கு 60 பைசா. அதே 15,000 பாயின்ட்டை 5,000 ரூபாய் அறைக்குக் கொடுத்தால் 33 பைசா, கையில் இருக்கும் பாயின்ட்டைப் பாதி விலைக்கு விற்றது போல. அந்த அறைக்குப் பணத்தைக் கட்டிவிட்டுப் பாயின்ட்டைத் தீபாவளி, பொங்கல் விடுமுறையில் விலை ஏறும்போது எடுப்பது நல்லது. ஆனால் மேரியட் 2022-இல் நிலையான பாயின்ட் அட்டவணையைக் கைவிட்டதிலிருந்து, சீசனில் பணவிலை ஏறினால் பாயின்ட்டும் சேர்ந்து ஏறுகிறது. எனவே ஒவ்வொரு தடவையும் வகுத்துப் பார்க்காமல் தீராது. அக்கோர் என்ற சங்கிலியில் இந்தத் தொல்லை குறைவு, 2,000 பாயின்ட் என்றால் பில்லில் 40 யூரோ கழிவு.

நீண்ட விடுமுறைக்குப் போகிறவர்கள் ஐந்தாம் இரவை மறந்துவிடாதீர்கள். மேரியட்டில் ஐந்து இரவைப் பாயின்ட்டில் எடுத்தால் ஒன்றுக்குப் பாயின்ட் கேட்பதில்லை. ஹில்டன் சங்கிலியில் சில்வர் முதல் மேல்நிலை மெம்பர்களுக்கு இதே வசதி உண்டு. நான்கு இரவு எடுத்துவிட்டு ஐந்தாவது இரவுக்குத் தனியாகத் தளத்தில் புக் செய்த குடும்பத்தை எனக்குத் தெரியும், அவர்களுக்காக வருத்தமாக இருந்தது.

காலாவதி ஆவதுதான் எனக்கு வலித்த விஷயம். வேலை மாறி, பயணம் குறைந்த காலத்தில் ஒரு சங்கிலியில் சேர்த்திருந்த 11,000 பாயின்ட் போய்விட்டது. ஈமெயில் அனுப்பியிருந்தார்கள், விளம்பரங்களுக்கு நடுவே நான் பார்க்கவில்லை. மேரியட், ஹில்டன், ஹயாத்தில் 24 மாதம் கணக்கில் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் பாயின்ட் அழியும். ஐஎச்ஜி என்ற சங்கிலியில் அடிநிலை மெம்பருக்கு 12 மாதம்தான். வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் ஓட்டலில் தங்குகிறவர் நான்கு சங்கிலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் எதிலும் ஒரு இலவச இரவு வராது. ஒன்றை, அதிகம் போனால் இரண்டை, பிடித்துக்கொள்ளுங்கள். அதுவும் நீங்கள் வழக்கமாகப் போகும் ஊர்களில் கிளை இருக்கும் சங்கிலியாகப் பாருங்கள்.

கம்பெனி செலவில் மாதத்துக்கு நாலு நாள் பெங்களூருவிலோ ஹைதராபாத்திலோ தங்குகிறவர்களுக்கு இந்த வாதமே தேவையில்லை. அறைக்குக் காசு கம்பெனி கொடுக்கிறது, பாயின்ட் உங்கள் பெயரில் ஏறுகிறது. கம்பெனி விதி அனுமதித்தால் நேரடியாகப் புக் செய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோல்டு, பிளாட்டினம் போன்ற மெம்பர் அந்தஸ்துக்காகச் செலவழிப்பது வேறு கதை. மேரியட்டில் கோல்டுக்கு வருடத்தில் 25 இரவு, பிளாட்டினத்துக்கு 50 இரவு. டிசம்பரில் 44 இரவில் நின்றுகொண்டு, மீதி ஆறு இரவுக்குத் தேவையில்லாமல் அறை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு இரவுக்கு 40,000 ரூபாய் போகும். அடுத்த வருடம் நீங்கள் சாப்பிடப்போகும் காலை உணவைக் கூட்டிப் பார்த்து, அதைவிட அதிகமாக வந்தால் மட்டும் செய்யுங்கள்.

பதறிப்போய் புக் செய்வது

"இந்த விலையில் ஒரே அறைதான் மீதி" என்று சிவப்பு எழுத்தில் வந்தால், அந்தத் தளத்துக்கு ஒதுக்கிய அறைகளில் ஒன்று மீதி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டலில் இன்னும் இருபது அறை காலியாக இருக்கலாம். கேன்சல் செய்யக்கூடிய அறையை முதலில் பிடித்து வைத்துவிட்டு, போகும்வரை வாரம் ஒருமுறை விலையைப் பாருங்கள். குறைந்தால் புதிதாகப் புக் செய்து பழையதைக் கேன்சல் செய்யலாம்.

மிக மலிவான அறைகளில் சில, மொத்தமாக வாங்கி விற்கும் இடைத்தரகர் வழியாக வருபவை. கோலாலம்பூரில் இரவு பதினொன்றரைக்கு, மனைவியும் தூங்கும் பையனுமாக ரிசப்ஷனில் நின்றபோது, எங்கள் பெயரில் புக்கிங்கே வரவில்லை என்றார்கள். பணம் கட்டிய ரசீது கையில் இருந்தது. தளத்தின் உதவி எண்ணில் ஒன்றேகால் மணி நேரம் பேசி அறை வாங்கினோம். அன்று முதல், எங்கே புக் செய்தாலும் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஓட்டலுக்கே போன் போட்டு அவர்களுடைய கன்ஃபர்மேஷன் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

மூன்றாவது வழியை மறப்பது

தஞ்சாவூர், ராமேஸ்வரம், கொடைக்கானல், காரைக்குடி என்று போகிறவர்களுக்குப் பெரிய சங்கிலிகளின் பாயின்ட் பெரும்பாலும் உதவாது, அங்கே உள்ளூர் ஓட்டல்கள்தான் அதிகம். அங்கே தளத்தில் விலையையும் மற்றவர்கள் எழுதியதையும் படித்துவிட்டு ஓட்டலுக்குப் போன் செய்யுங்கள். "உங்கள் அறை இந்தத் தளத்தில் 3,200 ரூபாய் காட்டுகிறது, நேரடியாக வந்தால் என்ன விலைக்குக் கொடுப்பீர்கள் சார்?" என்று நேராகவே கேட்கலாம், கமிஷன் மிச்சமாவதால் பலர் இறங்கி வருவார்கள். விலை இறங்காவிட்டால் காலை உணவு, கூடுதல் படுக்கை, மதியம் இரண்டு மணிவரை அறையில் இருக்க அனுமதி என்று ஏதாவது கேளுங்கள். ஒத்துக்கொண்டதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டு அதன் பிறகு முன்பணம் அனுப்புங்கள்.