பழைய .303 துப்பாக்கியைச் சுட்டபின் கழுவுவது எப்படி

பழைய .303 துப்பாக்கியான லீ-என்ஃபீல்டைக் கொண்டாடும் பழைய சிப்பாய்களுக்கு, குரோம் பூசிய குழல் கொண்ட இன்றைய எம்4 கார்பைன் துப்பாக்கி தராத வேலை ஒன்று உண்டு: வெந்நீர்க் குளியல். பழைய .303 தோட்டாக்களின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு குழலில் படியும். அது ஒருவகை உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். எண்ணெய் அதைக் கரைக்காது, மூடித்தான் வைக்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

மேகசினையும் (தோட்டாப் பெட்டி) போல்ட்டையும் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் தண்டு) கழற்றி, சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலிதானா என்று கண்ணால் பாருங்கள். சேம்பர் பக்கம் புனல் வைத்து, கொதிநீரை 1 லிட்டருக்குக் குறையாமல் ஊற்றுங்கள். மரக்கட்டைக்குள் நீர் இறங்கினால் கட்டை வீங்கும், குறி மாறும். சூடேறிய குழல் பெரும்பாலும் தானே உலரும். பிறகு துணி, கடைசியாக மெல்லிய எண்ணெய். போல்ட் முகப்பை மறக்காதீர்கள், அங்கும் உப்பு உண்டு. இரண்டு துப்பாக்கிகளின் போல்ட்டுகளை மாற்றிப் போடவே கூடாது; ஒவ்வொன்றும் அதனதன் துப்பாக்கிக்கு அளந்து பொருத்தியது.