ராபர்க் நடைக்குக் கிளம்புமுன் கடல் ஓத நேரத்தைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் பிளெட்டன்பெர்க் பே ஊருக்குப் பக்கத்தில் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது ராபர்க் இயற்கைக் காப்பகம். அங்கே 2.1, 5.5, 9.2 கி.மீ. என மூன்று நடைபாதைகள். மிக நீளமானது முனை வரை போய்த் திரும்புவது. நான்கு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

வெயிலுக்குத் தொப்பி எடுத்து வைப்பவர்கள்கூட ஓதத்தை, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதை, மறந்துவிடுகிறார்கள். போகும்போது வடபுறத்து மேட்டுப் பாதை. கீழே கடல்நாய்க் கூட்டம் (பெரும்பாலும் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும்!). திரும்பும் தென்புறப் பாதைதான் கவனிக்க வேண்டியது: பாறைகளை ஒட்டி, அலைக்கு மிக அருகில் போகும். அதனால் அந்தப் பகுதிக்கு வரும்போது கடல் வற்றியிருக்கும்படி கிளம்பும் நேரத்தை வையுங்கள். ஓத நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது. திடீரென்று பேரலை எழும் கடற்கரை இது. ஈரமான பாறையில் நின்று செல்ஃபி வேண்டாம்.

வழியில் நிழல் குறைவு. குடிநீரைக் கையோடு கொண்டு போய்விடுங்கள். குழந்தைகளோடு வந்தால் 2.1 கி.மீ. பாதையே போதும். அப்புறம், ஷூ நன்றாகப் பிடிக்கிற அடிப்பாகம் உள்ளதாக இருக்கட்டும்.