குக்கர் வெடித்துக் காயம் பட்டால்: வழக்கைக் கெடுக்கும் தவறுகள்

கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் வரை, பல வீடுகளில் குக்கரும் மிக்ஸியும் கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ வாங்கியவைதான். அது வெடித்தோ ஷாக் அடித்தோ ஒருவருக்குக் காயம் பட்டால், "கடை தமிழ்நாட்டுல, நாம கேரளாவுல, எங்கே போய்க் கேஸ் போடறது?" என்று பேச்சை அதோடு முடித்துவிடுகிறார்கள். முதலில் போக வேண்டியது இந்த நினைப்பு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை கோவை உக்கடத்தில் இருந்தாலும் கம்பெனி மும்பையில் இருந்தாலும், பாலக்காடு மாவட்ட நுகர்வோர் கமிஷனுக்குப் போனால் போதும்.

ஆனால் பெரும்பாலான வழக்குகள் கெட்டுப்போவது எல்லையால் அல்ல. விபத்து நடந்த முதல் ஒன்றிரண்டு நாட்களில், வீட்டுக்குள்ளேயே கெட்டுப்போகின்றன.

எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்குக் குக்கர் மூடி பறந்து கழுத்தும் தோளும் வெந்துபோயின. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் வீட்டார் அடுப்படியைக் கழுவித் துடைத்து, நசுங்கிய குக்கரைப் பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரரிடம் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்தாலே நடுங்குகிறது என்றாராம் மாமியார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மூடியின் காது வளைந்திருந்ததா, பாதுகாப்பு வால்வு உருகாமல் அப்படியே இருந்ததா என்பதைச் சொல்ல அந்தக் குக்கரை விட்டால் வேறு சாட்சி கிடையாது. பொருளில் குறை இருந்தது, அந்தக் குறையால்தான் காயம் பட்டது என்ற இரண்டையும் நாம்தான் காட்ட வேண்டும். பரிசோதனை தேவைப்பட்டால் கமிஷனே பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அனுப்பப் பொருள் நம் கையில் இருக்க வேண்டுமே!

அதனால் எதையும் கழுவாதீர்கள். மூடி, வெயிட், கேஸ்கட், வால்வு, சிதறிய துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு கோணிப்பையில் கட்டி, குழந்தைகள் கை படாத இடத்தில் வையுங்கள். அதற்கு முன்பு, விழுந்து கிடக்கிற நிலையிலேயே போட்டோ எடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், அதற்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் எண்ணையும் கிட்டத்தில் வைத்து ஒரு படம். ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் அரசு நிறுவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் உரிமம் உண்மையானதா என்று தெரிந்துவிடும். 2021 பிப்ரவரியிலிருந்து வீட்டுக் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதற்குப் பிறகு தயாரித்து விற்ற குக்கரில் முத்திரை இல்லையென்றால், அதுவே உங்கள் பக்கம் நிற்கும் வலுவான விஷயம்.

அப்புறம் கம்பெனி ஆள் வருவார். "அதைக் குடுங்கம்மா, செக் பண்ணிட்டுப் புதுசு தந்துடறோம்" என்பார். கொடுக்காதீர்கள். வேண்டுமானால் வீட்டில் வைத்தே பார்த்துவிட்டுப் போகட்டும். புதுக் குக்கரோடு நீட்டும் காகிதத்தில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருக்கலாம். படிக்காமல் கையெழுத்துப் போட்டால், இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு உங்கள் மருத்துவச் செலவு முழுவதையும் விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

இன்னொன்று, கேஸ்கட். கம்பெனி கேஸ்கட்டுக்குப் பதிலாகச் சந்தையில் கிடைத்ததைப் போட்டிருந்தால், "பொருளை மாற்றிவிட்டார்கள், தவறாகப் பயன்படுத்தினார்கள்" என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். சட்டமும் அந்த வாதத்துக்கு இடம் கொடுக்கிறது. அதற்காக மறைக்காதீர்கள். ஆய்வில் தெரிந்துவிட்டால் மற்ற பேச்சும் எடுபடாது. உண்மையைச் சொல்லி, கேஸ்கட்டுக்குச் சம்பந்தமில்லாமல் எங்கே உடைந்தது என்று காட்டுவதுதான் வழி. போதிய எச்சரிக்கையோ பயன்படுத்தும் முறையோ கொடுக்காததும் உற்பத்தியாளரின் பொறுப்புதான். ஆகவே கூடவே வந்த சிறு புத்தகத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆஸ்பத்திரியில் நடக்கும் தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டி வருமோ என்று பயந்து, "சுடுதண்ணி கொட்டிடுச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். டாக்டர் அதைத்தான் எழுதுவார். இரண்டு வருடம் கழித்தும் அந்த ஒரு வரி உங்களுக்கு எதிராகவே பேசும். எப்படி நடந்ததோ அப்படியே சொல்லுங்கள். சிகிச்சை பாலக்காட்டில் பாதி, கோவையில் பாதி என்று நடந்தால், இரண்டு இடத்திலும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பில்களையும் வாங்கி வையுங்கள். காயம் ஆறுவதை வாரவாரம் போட்டோ எடுப்பதும் உதவும்.

கடை பில் இல்லையா? சரி, அத்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. ஜிபே பதிவு, வங்கிக் கணக்கு, வாரண்டி அட்டை, அட்டைப்பெட்டி எதுவானாலும் தேடி எடுங்கள். யார் தயாரித்தது என்றே தெரியாத பொருளாக இருந்தால், விற்ற கடைக்காரரே பொறுப்பாளியாக நிற்க வேண்டி வரும். வாங்கியது உங்கள் மகனாக இருந்து, காயம் பட்டது உங்களுக்கு என்றாலும் தடையில்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் நுகர்வோர்தான். வாரண்டி முடிந்துவிட்டது என்பதும் புகாரைத் தடுக்காது.

செலவுக்குப் பயந்து நிற்பவர்களும் நிறைய. எந்தக் கமிஷன், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலையை வைத்தே முடிவாகிறது. விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, இழப்பீடாக எவ்வளவு கேட்டாலும் சரி. ஆகவே பொருளின் விலையை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மருந்துச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, மன வேதனை எல்லாவற்றையும் கணக்குப் போட்டு எழுதுங்கள்.

காலக்கெடு இரண்டு வருடம். கம்பெனிக்கு மெயில் அனுப்பிக்கொண்டும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிக்கொண்டும் இருந்தால் அந்தக் கெடு நீளும் என்று நம்பாதீர்கள். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் கமிஷன் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார முடியாது.

வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகாரைப் பதியலாம், வீடியோ வழியாக விசாரணை கேட்டும் விண்ணப்பிக்கலாம். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் சட்டப்பணிகள் ஆணையத்தை 15100 என்ற எண்ணில் அழையுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.