பல் போன இடத்தில் எதைக் கட்டுவது, கட்டியதை எப்படிப் பழகுவது

பல்லைப் பிடுங்கச் சம்மதிக்கும் முன் மருத்துவரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: “வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து, மேலே கேப் என்கிற உறை போட்டால் இந்தப் பல் நிற்குமா?” நிற்கும் என்றால் முதல் செலவு அதற்குத்தான். கையில் பணம் இல்லாதபோது வலி தீர்ந்தால் போதும் என்று பிடுங்கிக்கொள்கிறோம். பிறகு பல் கட்டப் போகும்போது, அன்று மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாகப் போய்விடுகிறது.

போன பல்லையெல்லாம் கட்டியே ஆக வேண்டும் என்றில்லை. மேலும் கீழும் சரியாகக் கடித்து நிற்கும் 20 பற்கள் இருந்தால் பெரும்பாலோரால் நன்றாக மெல்ல முடியும். ஜப்பானில் 1989-இல் தொடங்கிய ‘8020’ இயக்கம் 80 வயதில் 20 பற்கள் என்பதையே இலக்காக வைத்தது. அதனால் கடைசிக் கடைவாய்ப்பல் மட்டும் போயிருந்தால் விட்டுவிடலாம். நடுவில் ஒரு பல் போயிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்துப் பல் இடைவெளிக்குள் சாயும், எதிர்ப்பல் நீண்டு வரும், பிறகு கட்ட இடமே இருக்காது.

கட்டுவதில் மூன்று வழிகள். இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு. எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் ஆகும். புகைபிடிப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் அது நிலைக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். பிரிட்ஜ் என்பது இடைவெளியின் இருபக்கப் பற்களைப் பிடித்து நடுவில் நிற்கும், கழற்ற முடியாத செயற்கைப் பல். அதைப் போட அந்த இருபக்கப் பற்களையும் ராவ வேண்டும். அவற்றில் ஏற்கெனவே கேப் போட வேண்டிய நிலை இருந்தால் சரி, பழுதில்லாத பல்லை ராவுவது வருத்தமான விஷயம்.

கழற்றி மாட்டும் அக்ரிலிக் பல்செட்தான் விலை குறைவு. அதைக் கேவலமாக நினைக்கத் தேவையில்லை. பின்னால் இன்னொரு பல் விழுந்தால், பெரும்பாலும் பற்கள் பதித்திருக்கும் அதே அக்ரிலிக் தட்டில் ஒரு பல்லைச் சேர்த்துத் தர முடியும். மற்றப் பற்களும் ஆட்டம் காண்கிற நிலையில் இருப்பவருக்கு இது பெரிய வசதி.

பல் எடுத்தபின் 6 முதல் 8 வாரம் கழித்து அளவு கொடுப்பது வழக்கம். முன்பல் என்றால் பிடுங்கிய அன்றே மாட்டும் தற்காலிகத் தட்டைக் கேளுங்கள். வேலைக்குப் போகிறவர்களும் நாலு பேரிடம் பேச வேண்டியவர்களும் வாய் மூடிக் காத்திருக்க முடியாது. முதல் சில மாதங்களில் எலும்பு வேகமாகக் கரைவதால் அந்தத் தட்டு தளரும். உள்பக்கம் அக்ரிலிக் பூசிச் சரிசெய்ய வேண்டிவரும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

மாட்டிய முதல் வாரம் எச்சில் ஊறும், பேச்சு குழறும். தினமும் 10 நிமிடம் சத்தமாக வாசித்தால் நாக்கு பழகிவிடும். உணவைச் சிறிதாக நறுக்கி, ஒவ்வொரு வாய் உணவையும் இருபக்கமும் பிரித்து மெல்லுங்கள். முழு செட் போட்டிருப்பவர் முன்பல்லால் கடித்து இழுத்தால் தட்டு பின்பக்கம் கிளம்பும். கீழ்த்தாடை செட் மேல் செட்டைவிட ஆடத்தான் செய்யும். அதற்கு உட்காரும் பரப்பு குறைவு, நாக்கும் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஈறில் புண் பட்டால் நீங்களே அரம் வைத்துத் தேய்க்காதீர்கள். வலி தாங்க முடியாவிட்டால் கழற்றி வைத்துவிட்டு, மருத்துவரைப் பார்க்கப் போகிற அன்று காலையிலிருந்து மாட்டிக்கொண்டு போங்கள். எந்த இடம் அழுத்துகிறது என்பது சிவந்த தடத்தில்தான் அவருக்குத் தெரியும். தடம் ஆறியிருந்தால் குத்துமதிப்பாகத்தான் ராவுவார், புண் திரும்ப வரும்.

கழுவும்போது தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதன் மேல் பிடித்துக் கழுவுங்கள்; வழுக்கி விழுந்தாலும் உடையாது. மென்மையான பிரஷும் கை கழுவும் சோப்பும் போதும். பற்பசை அக்ரிலிக்கில் கீறல் போடும், கீறலில் பூஞ்சை குடியேறும். கொதிநீர் பட்டால் தட்டு கோணிவிடும். இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஒன்றிரண்டு பல் மட்டும் உள்ள சின்னத் தட்டை மாட்டியபடி தூங்குவது ஆபத்து, தூக்கத்தில் தொண்டைக்குள் போய்விடலாம். உடைந்தால் பசை போட்டு ஒட்டாமல் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி எடுத்துப் போங்கள். ஒட்டிய விளிம்பு ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் அதன்பிறகு கடி பொருந்தாது.